மாவீரரை எதைக் கொண்டு அளப்பது?

1975ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் உலகக் குத்துச்சண்டை இரசிகர்களின் பார்வை கோலாலம்பூரின் மெர்டேக்கா அரங்கத்தின்மீது திரும்பியிருந்தது. 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் நம் நாட்டின் விடுதலை முழக்கம் எழுந்த அதே அரங்கம்தான் அது. அன்று அங்கே மேடையேறியவர்கள் இருவர். ஒருவர் மிகு எடைப் பிரிவின் உலக வெற்றியாளரான அமெரிக்கர் முகம்மது அலி. மற்றவர் ஹங்கேரியில் பிறந்து, சிறு வயதில் அகதியாகப் பிரிட்டனுக்குச் சென்று, அங்கே வளர்ந்த ஜோ பக்னர். கடும் வெப்பத்திலும் புழுக்கத்திலும் அவர்கள் 15 சுற்றுகள் மோதினர். ஒரு சுற்று மூன்று நிமிடம். மொத்தம் 45 நிமிடச் சண்டை. முடிவில் நடுவர்கள் அனைவரும் அலியே வென்றார் எனத் தீர்ப்பளித்தனர்.

அந்நாளை நினைவில் வைத்திருக்கும் மூத்தோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். ஜொகூர் பாருவிலோ மூவாரிலோ குளுவாங்கிலோ பெரியவர்கள் கூடியிருக்கும் இடத்தில் குத்துச்சண்டையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அலியின் பெயர் கட்டாயம் வரும். 'எக்காலத்துக்கும் சிறந்த வீரர் அவரே' என்று பலர் அடித்துச் சொல்வர்.

ஆனால், வெற்றி தோல்விக் கணக்கை மட்டும் பார்த்தால் இக்கூற்று வியப்பை அளிக்கும். அலி தொழில்முறையில் 61 போட்டிகளில் பங்கேற்று 56இல் வென்றார், ஐந்தில் தோற்றார். அவருக்கு முந்திய தலைமுறையைச் சேர்ந்த ராக்கி மார்சியானோ 49 போட்டிகளில் பங்கேற்று 49இலும் வென்றார். ஒருமுறைகூடத் தோற்காதவர் இருக்கும்போது, ஐந்து முறை தோற்றவரை ஏன் பலர் முதலிடத்தில் வைக்கின்றனர்? இந்தக் கேள்விக்கு விடை தேடினால், ஒரு வீரரை மாவீரர் ஆக்குவது எது என்பது விளங்கும்.

முதலில் மிகு எடைப் பிரிவு என்பது என்ன என்று தெரிந்துகொள்வோம். குத்துச்சண்டையில் வீரர்கள் உடல் எடையின்படி பல பிரிவுகளாகப் பிரிக்கப்படுகின்றனர். எடை கூடியவரின் குத்தில் வலிமையும் கூடும் என்பதால், ஏறக்குறைய ஒரே எடையுள்ளவர்கள் மோதினால்தான் போட்டி நியாயமாக இருக்கும். எல்லாப் பிரிவுகளுக்கும் மேலே நிற்பது மிகு எடைப் பிரிவு. இதற்குக் கீழ் வரம்பு மட்டுமே உண்டு. மேல் வரம்பு இல்லை. இன்று தொழில்முறைப் போட்டிகளில் 90.7 கிலோகிராமுக்கு மேற்பட்டோர் இப்பிரிவில் அடங்குவர். அலியின் காலத்தில் அந்தக் கீழ் வரம்பு 79.4 கிலோகிராமாக இருந்தது.

இந்த வேறுபாடு சிறியதன்று. மார்சியானோவின் எடை ஏறக்குறைய 84 கிலோகிராம்தான். அவர் இன்று வாழ்ந்திருந்தால் அதே எடையில் இப்பிரிவில் கலந்துகொள்ளவே இயலாது. இன்றைய வீரர்கள் சிலர் 110 கிலோகிராமையும் தாண்டுகின்றனர். பிரிட்டனைச் சேர்ந்த டைசன் பியூரியின் உயரம் 2.06 மீட்டர். அன்று பட்டப் போட்டி 15 சுற்றுகள் நடந்தது. இன்று 12 சுற்றுகளே. ஆகவே, 'அவரும் இவரும் மோதினால் யார் வெல்வார்?' என்ற கேள்வி சுவையான பேச்சுக்கு உதவுமே அன்றி, உறுதியான விடையைத் தராது. ஒவ்வொரு வீரரையும் அவருடைய காலத்தில் வைத்தே அளக்க வேண்டும்.

அதற்கு மக்கள் முதலில் எடுக்கும் அளவுகோல் எண்ணிக்கை. எத்தனை வெற்றி, எத்தனை ஆண்டுகள் பட்டம், எத்தனை முறை பட்டத்தைத் தற்காத்தார் என்று கணக்கிடுவது எளிது. இவ்வகையில் ஜோ லூயிஸின் சாதனை மலைக்க வைப்பது. 1937ஆம் ஆண்டு ஜூன் மாதம் உலகப் பட்டத்தை வென்ற அவர், 1949ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஓய்வை அறிவிக்கும்வரை அதை யாரிடமும் இழக்கவில்லை. ஏறக்குறைய 12 ஆண்டுகளில் 25 முறை பட்டத்தைத் தற்காத்தார். மிகு எடைப் பிரிவில் இதற்கு இணையான சாதனை இதுவரை இல்லை.

எண்ணிக்கையைப் புறக்கணிக்க முடியாது. நீண்ட காலம் உச்சியில் நிற்பதற்கு உடற்கட்டுப்பாடும் உழைப்பும் தேவை. ஓரிரு இரவுகளில் மின்னிவிட்டு மறைந்தவர்கள் குத்துச்சண்டையில் பலர் உண்டு. ஆயினும், எண் முழு உண்மையையும் சொல்லிவிடாது. எத்தனை பேரை வென்றார் என்று சொல்லும் எண், யாரை வென்றார் என்று சொல்லாது. இங்குதான் இரண்டாவது அளவுகோல் தேவைப்படுகிறது. அது எதிராளியின் தரம்.

இதை விளங்கிக்கொள்ள ஜொகூர் மாணவர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் மாநிலக் காற்பந்துக் குழுவான ஜொகூர் டாருல் தக்சிம் 2014ஆம் ஆண்டு முதல் மலேசிய சூப்பர் லீக் பட்டத்தைத் தொடர்ந்து வென்று வந்துள்ளது. ஆனாலும், இரசிகர்கள் மறக்காமல் பேசும் வெற்றிகளில் 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாத ஆசிய வெற்றியாளர் கிண்ணப் போட்டிகள் தனி இடம் பெறுகின்றன. இஸ்கந்தர் புத்திரியின் சுல்தான் இப்ராகிம் அரங்கில், தென்கொரியாவின் வலிமைமிக்க உல்சான் குழுவை இரண்டுக்கு ஒன்று என்ற கோல் கணக்கில் நம் குழு வீழ்த்தியது. உள்நாட்டில் பெற்ற பல எளிய வெற்றிகளைவிட அந்த ஒரு வெற்றி கனமானது. எதிராளி எவ்வளவு வலியவரோ, வெற்றியும் அவ்வளவு எடை கூடியது.

மார்சியானோவின் 49 வெற்றிகளை இப்போது மீண்டும் பார்ப்போம். அவற்றுள் ஒன்று 1951ஆம் ஆண்டு ஜோ லூயிஸை வீழ்த்திப் பெற்றது. ஆனால், அப்போது லூயிஸுக்கு வயது 37. ஓய்விலிருந்து திரும்பி வந்து, தம் சிறந்த நாள்களைக் கடந்து நின்றவர். இதனால் மார்சியானோவின் பெருமை அழிந்துவிடவில்லை. 1952ஆம் ஆண்டு ஜெர்சி ஜோ வால்காட்டுடன் மோதியபோது, புள்ளிகளில் பின்தங்கியிருந்தும் 13ஆவது சுற்றில் ஒரே குத்தில் அவரை வீழ்த்தி உலகப் பட்டத்தை வென்றவர் அவர். எனினும், தோல்வியே காணாத கணக்கிலும் எதிராளிகளின் வயதையும் திறனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

அலி மோதியவர்களின் பட்டியலோ வேறு வகையானது. 1964ஆம் ஆண்டு, தம் 22ஆவது வயதில், எல்லாரும் அஞ்சிய சோனி லிஸ்டனை வென்று அவர் உலக வெற்றியாளரானார். பின்னர் ஜோ பிரேசியர், கென் நார்டன், ஜார்ஜ் போர்மன் ஆகியோரை எதிர்கொண்டார். தனித்தனிக் காலங்களில் பிறந்திருந்தால் இவர்களுள் ஒவ்வொருவரும் நெடுநாள் ஆட்சி செய்திருக்கக்கூடும். அவர்கள் எல்லாரும் ஒரே காலத்தில் வாழ்ந்தனர். அலி அவர்களுள் எவரையும் தவிர்க்கவில்லை. அவர் அடைந்த தோல்விகளுள் இரண்டு பிரேசியரிடமும் நார்டனிடமும் அடைந்தவை. வலியவர்களைத் தேடிச் சென்றவருக்குக் கிடைத்த தழும்புகள் அவை.

மூன்றாவது அளவுகோல் அறிவு. குத்துச்சண்டையை உடல் வலிமையின் விளையாட்டு என்றே பலர் எண்ணுகின்றனர். உண்மையில், எதிராளியின் பழக்கத்தைக் கண்டறிந்து, நொடிப்பொழுதில் முடிவெடுத்து, தேவையானால் தம் முறையையே மாற்றிக்கொள்பவர்தான் மேலே நிற்கிறார். திருக்குறளில் 'வலியறிதல்' என்றே ஓர் அதிகாரம் உண்டு. தன் வலிமையை மட்டுமன்றி எதிராளியின் வலிமையையும் எடைபோட்ட பின்னரே செயலில் இறங்க வேண்டும் என்பது அதன் மையக் கருத்து. போர்க்களத்துக்குச் சொன்னது குத்துச்சண்டை மேடைக்கும் பொருந்தும்.

1974ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரில் நடந்த போட்டி இதற்குத் தக்க சான்று. அப்போது உலக வெற்றியாளராக இருந்தவர் ஜார்ஜ் போர்மன். வயது 25. அதுவரை 40 போட்டிகளில் தோல்வியே இல்லை. அவற்றுள் 37இல் எதிராளியை வீழ்த்தியே வென்றிருந்தார். அலியைத் தோற்கடித்த பிரேசியரையும் நார்டனையும் அவர் இரண்டே சுற்றுகளில் சாய்த்தவர். அலிக்கோ வயது 32. இளமைக்கால வேகம் குறைந்திருந்தது. அலி தோற்பார் என்பதைவிட, அவர் உயிருக்கே ஆபத்து நேருமோ என்று அஞ்சியவர்களும் இருந்தனர்.

மேடையைச் சுற்றிச் சுற்றி ஓடி அலி தப்பிப்பார் என்று எல்லாரும் எதிர்பார்த்தனர். அவரோ கயிற்றில் சாய்ந்து நின்றார். முகத்தையும் உடலையும் கைகளால் மறைத்துக்கொண்டு, போர்மனைக் குத்தவிட்டார். குத்துகளின் வேகத்தைத் தளர்வான கயிறு ஓரளவு வாங்கிக்கொண்டது. வெப்பமும் ஓயாத வீச்சும் சேர்ந்து போர்மனின் கைகளைச் சோர வைத்தன. இடையிடையே அலியின் குத்துகள் அவர் முகத்தைத் தாக்கின. எட்டாவது சுற்றின் இறுதியில், கயிற்றிலிருந்து விலகி அலி தொடுத்த விரைவான குத்துகளில் போர்மன் தரையில் சரிந்தார். புலி பதுங்குவது பாய்வதற்காகவே என்னும் பழமொழிக்கு அந்த இரவு விளக்கமாக அமைந்தது. எதிராளியின் வலிமையையே அவருடைய பலவீனமாக மாற்றிய அறிவு அது.

நான்காவது அளவுகோல்தான் எல்லாவற்றிலும் கடினமானது. தோல்விக்குப் பின் அவர் என்ன செய்தார்? யானைக்கும் அடி சறுக்கும். சறுக்கிய பின் எழுந்த விதத்தில்தான் வீரரின் உள்ளம் வெளிப்படுகிறது.

ஜோ லூயிஸ் 1936ஆம் ஆண்டு ஜெர்மனியைச் சேர்ந்த மேக்ஸ் ஷ்மெலிங்கிடம் 12ஆவது சுற்றில் வீழ்ந்தார். அவ்வெற்றியை ஹிட்லரின் ஆட்சி தன் இனவெறிக் கொள்கைக்கு விளம்பரமாக்கிக்கொண்டது. பின்னர் உலகப் பட்டத்தை வென்றபோதும், ஷ்மெலிங்கை வெல்லும்வரை தம்மை வெற்றியாளராகக் கருத லூயிஸின் மனம் ஒப்பவில்லை. 1938ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள் இருவரும் நியூயார்க்கில் மீண்டும் மோதினர். இம்முறை 124 நொடிகளில் போட்டி முடிந்தது, வென்றவர் லூயிஸ். அவருடைய 25 வெற்றிகரமான தற்காப்புகளில் உலகம் அதிகம் நினைவுகூர்வது இதையே. பிற்காலத்தில் இருவரும் நண்பர்களாயினர் என்பது இக்கதையின் இனிய முடிவு.

கின்ஷாசாவில் வீழ்ந்த ஜார்ஜ் போர்மனின் கதையும் குறைந்ததன்று. 1977இல் மேடையை விட்டு விலகிச் சமயப் பணியில் ஈடுபட்ட அவர், பத்து ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வந்தார். பலர் நகைத்தனர். 1994ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள், கின்ஷாசாவில் அணிந்த அதே சிவப்புக் காற்சட்டையுடன் மேடையேறினார். தம்மைவிட 19 வயது இளையவரான மைக்கல் மூரரிடம் புள்ளிகளில் பின்தங்கியிருந்த நிலையில், பத்தாவது சுற்றில் அவரை வீழ்த்தினார். 45 வயதில் மீண்டும் உலக வெற்றியாளரானார்.

மாறாக, மைக் டைசனைப் பாருங்கள். 1986ஆம் ஆண்டு, 20 வயதிலேயே பட்டம் வென்று, இப்பிரிவின் மிக இளைய உலக வெற்றியாளர் என்ற பெயரைப் பெற்றவர். அவருடைய வேகமும் வலிமையும் எதிராளிகளை மணியடிக்கும் முன்பே நடுங்க வைத்தன. ஆனால், 1990இல் தோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் வீழ்ந்த பின் அவருடைய வாழ்க்கை தடம் புரண்டது. பிறகு இரு பட்டங்களை மீட்டாலும், இவாண்டர் ஹோலிபீல்டிடம் இருமுறை தோற்றார். அஞ்சத்தக்க வீரர்களின் வரிசையில் டைசனுக்கு முன்னிடம் உண்டு. மாவீரர்களின் வரிசையில் பலர் அவரைச் சற்றுக் கீழேதான் வைக்கின்றனர். அதற்குக் காரணம் குத்தின் வலிமையில் குறையன்று. விழுந்த பின் பழைய உயரத்தை எட்டவில்லை என்பதே.

ஐந்தாவது அளவுகோல் மேடைக்கு வெளியே உள்ளது. 1908ஆம் ஆண்டு ஜேக் ஜான்சன் இப்பிரிவின் முதல் கறுப்பின உலக வெற்றியாளரானபோது, அமெரிக்காவில் கறுப்பின மக்கள் அடிப்படை உரிமைகளும் இன்றி வாழ்ந்தனர். அவர் பெற்ற வெற்றி ஓர் இனத்துக்கே தலைநிமிர்வைத் தந்தது. அலியும் அதே வழியில் ஒரு பெரிய சோதனையை ஏற்றார். 1967ஆம் ஆண்டு, வியட்நாம் போருக்காகப் படையில் சேருமாறு அரசாங்கம் அழைத்தபோது, தம் சமய நம்பிக்கையையும் மனச்சான்றையும் முன்வைத்து மறுத்தார். பட்டம் பறிக்கப்பட்டது, ஐந்து ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டால் சிறைக்குச் செல்லவில்லை எனினும், மூன்றரை ஆண்டுகள் அவரால் மேடையேற இயலவில்லை. 25 வயது முதல் 28 வயதுவரை, ஒரு வீரரின் உடல் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகள் அவை. 1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருடைய தண்டனையை நீக்கியது. ஆனால், கழிந்த இளமையை எந்த நீதிமன்றமும் திருப்பித் தர இயலாது. எண்ணிக்கையில் அலி இழந்தது அதிகம். மக்கள் உள்ளத்தில் அவர் பெற்றது அதனினும் அதிகம்.

இந்த அளவுகோல்களை வைத்துப் பார்த்தால், மெர்டேக்கா அரங்கப் போட்டியின் இடமும் விளங்கும். விறுவிறுப்பில் அது அலியின் சிறந்த போட்டிகளுள் ஒன்றன்று. பக்னர் பெரும்பாலும் தற்காத்தே நின்றார். ஆனால், 1974 அக்டோபரில் கின்ஷாசா, 1975 ஜூலையில் கோலாலம்பூர், 1975 அக்டோபரில் மணிலா என ஓராண்டுக்குள் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் உலகப் பட்டத்துக்காக அவர் மேடையேறினார். குடியேற்ற ஆட்சியிலிருந்து விடுபட்டுச் சில பத்தாண்டுகளே ஆகியிருந்த நாடுகளின் மக்கள், உலகின் முதன்மை வீரரைத் தங்கள் மண்ணிலேயே கண்டனர்.

இத்தனைக்கும் ஒரு விலை உண்டு. கோலாலம்பூருக்கு மூன்று மாதங்களுக்குப் பின், மணிலாவில் அலியும் பிரேசியரும் 14 சுற்றுகள் மோதினர். வீங்கிய கண்களால் பிரேசியருக்குப் பார்வையே மங்கிவிட, 15ஆவது சுற்றுக்கு அவரை அனுப்பப் பயிற்றுநர் எடி பட்ச் மறுத்துவிட்டார். வெற்றி அலிக்குக் கிடைத்தது. ஆனால், வென்றவரும் நிற்க வலுவின்றிச் சோர்ந்துபோனார். 1978இல் லியோன் ஸ்பிங்க்ஸிடம் பட்டத்தை இழந்து, அதே ஆண்டில் மீட்டு, உலகப் பட்டத்தை மூன்று முறை வென்ற முதல் மிகு எடை வீரர் என்ற சிறப்பை அலி அடைந்தார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். 1980இல் மீண்டும் மேடையேறி, ஒருகாலத்தில் தமக்குப் பயிற்சித் துணையாக இருந்த லாரி ஹோம்ஸிடம் கடுமையாக அடிபட்டார். 1984இல் அவருக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பது கண்டறியப்பட்டது. அந்நோய்க்குக் குத்துச்சண்டை எந்த அளவுக்குக் காரணம் என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால், தலையில் மீண்டும் மீண்டும் விழும் அடி மூளைக்குக் கேடு விளைவிக்கும் என்பதில் ஐயமில்லை.

விழுந்தும் எழ வேண்டும் என்ற உறுதி ஒருவரை மாவீரராக்குகிறது. எப்போது நிறுத்த வேண்டும் என்பதை அதே உறுதி மறக்கச் செய்தும் விடுகிறது. மார்சியானோ 1956இல், 32 வயதில், தோல்வியின்றி விலகினார். லெனாக்ஸ் லூயிஸ் தம்மைத் தோற்கடித்த இருவரையும் மறுபோட்டிகளில் வென்று கணக்கைத் தீர்த்துவிட்டு, 2004ஆம் ஆண்டு உலக வெற்றியாளராகவே ஓய்வு பெற்றார். காலமறிந்து விலகியதையும் அவர்களின் பெருமையில் சேர்க்கத்தான் வேண்டும். பிரேசியரை அமரச் செய்த பயிற்றுநரின் முடிவும் வீரத்துக்குக் குறைந்ததன்று.

எனவே, எக்காலத்துக்கும் சிறந்த வீரர் யார் என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. நீண்ட ஆட்சியை முதன்மையாகக் கருதுபவர் ஜோ லூயிஸைச் சொல்வார். மாசற்ற கணக்கை மதிப்பவர் மார்சியானோவைச் சொல்வார். வலிய எதிராளிகள், சூழலுக்கேற்ற அறிவு, தோல்விக்குப் பின் எழுந்த உறுதி, மனச்சான்றுக்காகச் செய்த இழப்பு ஆகிய அனைத்தையும் சேர்த்து அளப்பவர் அலியைச் சொல்வார். அடுத்த முறை நண்பர்களிடையே இவ்வாதம் எழுந்தால், பெயரைச் சொல்வதற்கு முன் உங்கள் அளவுகோல் எது என்பதைச் சொல்லுங்கள். யாரை வென்றார், எப்படி வென்றார், தோற்றபோது என்ன செய்தார் என்னும் கேள்விகளைக் கேட்காமல் வெறும் எண்ணை மட்டும் எடுத்து வைப்பவர், அந்த ஐந்து தோல்விகளுக்குள் இருக்கும் மாவீரரைக் காணாமலே போய்விடுவார்.